தள்ளிவைத்தார்களா, தள்ளிவிட்டார்களா?

நாளிதழில் நீதிமன்றச் செய்தி படிக்கும் பழக்கமுள்ள அன்பர்களே, அடுத்த முறை 'வழக்கு தள்ளுபடி' என்ற தலைப்பைக் காணும்போது ஒரு நொடி நின்று, எந்தத் தள்ளுபடி என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் செய்தியை முழுதும் படித்த பின்னும் விடை கிடைக்காது. எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம். ஆங்கிலத்தில் வெவ்வேறு வினைகளால் சொல்லப்படும் வெவ்வேறு செயல்களை நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதன்மேல் 'தள்ளுபடி' என்று எழுதி ஒட்டிவிட்டோம். சாக்கு நிரம்பி வழிந்தால் இருக்கவே இருக்கிறது 'ரத்து'.

இதனால் என்ன குடி முழுகிப் போய்விட்டது என்று கேட்பவர்களுக்கு, ஒரு குடி முழுகிய கதையைச் சொல்கிறேன். முழுக்கியவன் நான்.

2015ஆம் ஆண்டு. பொந்தியானில் நான் பணியாற்றிய பள்ளிக்கு ஒரு நண்பகல் வேளையில் என் மாணவன் ஒருவனின் தந்தை வந்தார். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். 2012இல் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது கார் மோதி வலது கால் முறிந்தது. அதன்பின் லோரி ஓட்ட இயலவில்லை. கார் ஓட்டியவரிடம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். அந்த வழக்கைப் பற்றிய கடிதம் ஒன்று மலாய்மொழியில் வந்திருந்தது. மழைக்கு நனையாதிருக்க நெகிழிப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. கேஸத் தள்ளி வெச்சிருக்காங்களா, தள்ளிட்டாங்களா?" என்றார்.

அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. நான் நின்றுகொண்டே கடிதத்தின்மேல் கண்ணை ஓட்டினேன். 'டிபாத்தால்கான்' என்ற சொல் கண்ணில் பட்டது. அது போதும் என்று எண்ணினேன்.

"தள்ளுபடி ஆயிருச்சுங்க."

"சரிங்க சார். நம்ம நேரம் அப்படி" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தோற்றுவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார். தமிழில் 'வழக்கு தள்ளுபடி' என்றால் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது?

2019இல் எங்கள் பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்னாள் மாணவி ஒருவர் வந்திருந்தார். ஜொகூர் பாருவில் வழக்கறிஞராக இருப்பவர். அந்தத் தந்தையும் வந்திருந்தார். பேச்சுவாக்கில் பழைய வழக்கைப் பற்றிச் சொன்னார். வீடு பக்கத்திலேயே இருந்ததால் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். மாணவி அதைப் படித்தார். குறிப்பிட்ட நாளில் வழக்குத் தொடுத்த தரப்பில் எவரும் முன்னிலையாகாததால் வழக்கு நீக்கப்பட்டிருக்கிறது என்றார். அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'டெங்ஙான் கெபேபாசான் மெம்பைல்கான் செமுலா'. மீண்டும் தொடுத்துக்கொள்ளும் உரிமையுடன். "ஏன் சார் மறுபடி போடவில்லை?" என்று என்னைத்தான் கேட்டார்.

பிறகு விரல்விட்டு எண்ணினார். 1953ஆம் ஆண்டுக் கால வரம்புச் சட்டப்படி இத்தகைய வழக்குக்கு ஆறு ஆண்டுகள். விபத்து நடந்தது 2012. கெடு முடிந்தது 2018. கடிதம் வந்த 2015இல் கையில் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்திருக்கின்றன. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இது நிற்க. நான் தமிழாசிரியன், சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அன்று நான் செய்தது சட்டப் பிழையன்று, மொழிப் பிழை. ஆகவே அதைப் பற்றிப் பேசும் கடப்பாடு எனக்கு உண்டு.

மலாய்க் கடிதத்தில் இருந்த 'டிபாத்தால்கான்' ஆங்கில நீதிமன்ற வழக்கில் 'ஸ்டிரைக் அவுட்' எனப்படும். 'ஸ்டிரைக்' என்றால் அடித்தல் என்று எல்லாருக்கும் தெரியும். பின்னால் 'அவுட்' ஒட்டினால் எழுத்தின்மேல் கோடு இழுத்து அடித்தல். பள்ளிக்கூடத்தில் 'அடித்தல் திருத்தல்' என்கிறோமே, அதே அடித்தல். வழக்குமனுவின் மேல் நீதிமன்றம் ஒரு கோடு இழுத்து, பதிவிலிருந்து எடுத்துவிடுகிறது. உங்கள் பக்கம் நியாயம் உண்டா இல்லையா என்று விசாரித்து அது முடிவு செய்யவில்லை. நீங்கள் வரவில்லை என்பதற்காக அடித்திருக்கலாம். அல்லது, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 18ஆவது கட்டளை, 19ஆவது விதி சொல்லும் காரணங்களில் ஒன்றுக்காக அடித்திருக்கலாம்: மனுவில் வழக்குக்கான முகாந்திரமே இல்லை, வீண் தொல்லைக்காகப் போடப்பட்டது, நேர்மையான விசாரணைக்கு இடையூறானது, நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது. இந்த இரண்டாம் வகையில் ஒருவரை விசாரணைக்கு முன்பே வாசலில் திருப்பி அனுப்புவதாகிறது. அதனால்தான் பண்டார் பில்டர் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் 1993இல், பார்த்தவுடன் ஐயமின்றித் தெரிகிற வழக்குகளில் மட்டுமே இந்தக் கோட்டை இழுக்க வேண்டும் என்று வரையறுத்தது. வராததால் அடிபட்ட வழக்கை மறுபடியும் தொடுக்க இடம் தருவார்கள். முகாந்திரமே இல்லையென்று அடிபட்டதை மறுபடி தொடுப்பது கடினம். எனவே 'ஸ்டிரைக் அவுட்' என்றாலே மறுபடியும் தொடுக்கலாம் என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. அதன் வாலைப் பார்க்க வேண்டும். நான் வாலைப் பார்க்கவில்லை.

என் மாணவர்களுக்கு இப்போது இதை விடைத்தாளை வைத்தே சொல்லிக் கொடுக்கிறேன். ஆசிரியர் விடையைப் படித்து, பிழை என்று சுழியம் போட்டால் அது 'டிஸ்மிஸ்'. நம் 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான். விடையைப் படிக்காமலே, பெயர் எழுதவில்லை, வேறு தாளில் எழுதிவிட்டாய் என்று கோடு இழுத்து அடித்தால் 'ஸ்டிரைக் அவுட்'; நேரம் மிச்சமிருந்தால் திருப்பி எழுதலாம். ஓர் ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணைத் தலைமையாசிரியர் செல்லாது என்று எடுத்துவிட்டால் 'செட் அசைட்'. கேள்வியே தவறு, அதை வினாத்தாளிலிருந்தே எடுங்கள் என்றால் 'ஸ்டிரைக் டவுன்'. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு பாட நேரத்தில் புரிந்துவிட்டது. நாளிதழ் ஆசிரியர் குழுவுக்கு ஏன் புரியாது?

மலாய்மொழியில் இந்த வேறுபாடு காக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விசாரித்துத் தள்ளினால் 'டித்தோலாக்'. 'தோலாக்' என்றால் தள்ளுதல். அச்சாக நம் சொல்தான். கோடு இழுத்து நீக்கினால் 'டிபாத்தால்கான்'. கீழ் நீதிமன்றம் சொன்னதை மேல் நீதிமன்றம் எடுத்துவிட்டால் 'டிகெதெப்பிகான்', அதாவது ஓரமாக ஒதுக்கப்பட்டது. ஆங்கிலத்தின் 'செட் அசைட்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ஈடு. தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆவது பிரிவு நீதிமன்ற நடவடிக்கைகளைத் தேசிய மொழியில் நடத்தப் பணித்தது. அந்த மொழியைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து சொல் தேடினார்கள். ஒரு சட்டமே செல்லாது என்று அறிவிக்கப்படும்போது மலாய் நாளிதழ்களும் 'பாத்தால்' என்றே எழுதிவிடுவது உண்டு. அங்கும் குழப்பம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மூன்று அறைகள் உள்ள வீடு அது. நம்முடையது ஒரே கூடம்.

இந்தக் குழப்பம் ஒரு லோரி ஓட்டுநரின் இழப்பீட்டோடு முடிந்துபோகும் சிறு செய்தியன்று. நம் பள்ளிகளின் உயிரைத் தொட்ட வழக்கு ஒன்றிலேயே இது நடந்தது.

தேசிய வகைத் தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 2, 17, 28 ஆகிய பிரிவுகள் அரசமைப்பின் 152ஆவது விதியோடு மோதுகின்றன, ஆகவே அவற்றை 'ஸ்டிரைக் டவுன்' செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. 2022இல் கோத்தா பாரு உயர் நீதிமன்றமும் மறுத்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்புகளை நிலைநிறுத்தியது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி மறுத்தது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு முறையும் எழுந்த பேச்சு ஒன்றுதான்: "தள்ளுபடியாம், தப்பித்தோம்."

எப்படித் தப்பித்தோம் என்று எவரும் கேட்கவில்லை. அந்த வழக்கு 'ஸ்டிரைக் அவுட்' ஆகியிருந்தால், எதிராளி கையில் வேறு மனுவோடு அடுத்த ஆண்டே வந்து நிற்கலாம். நம் பள்ளிகள் அரசமைப்புக்கு உட்பட்டவையா என்ற கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது. நடந்தது அதுவன்று. நீதிமன்றம் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு விடை சொன்னது. 152ஆவது விதி, அதிகாரமுறைப் பயன்பாடு தவிர்த்து வேறெந்த மொழியையும் பயன்படுத்தவோ கற்பிக்கவோ கற்கவோ எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, எனவே அங்கே தமிழிலும் சீனத்திலும் பாடம் நடத்துவது அதிகாரமுறைப் பயன்பாடு ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2021இல் காரணத்தோடு தீர்த்தது. இது நமக்குக் கிடைத்த விடை. வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்பியதற்கும் அழைத்து உட்காரவைத்துப் பேசி முடித்ததற்கும் எவ்வளவு வேறுபாடு! 'தள்ளுபடி' என்ற ஒற்றைச் சொல்லைப் படித்த பெற்றோர், நம் பள்ளிகள் ஏதோ தொழில்நுட்ப ஓட்டையில் பிழைத்துக்கொண்டன என்றே எண்ணினார்கள். என்னிடமே ஒரு தாய், "இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க சார்? மறுபடி கேஸ் போட்டா மூடிருவாங்கல்ல? பேசாம மலாய்ப் பள்ளியிலயே போட்டுரலாமான்னு இருக்கு" என்று கேட்டார். தவறான சொல் ஒரு பிள்ளையின் சேர்க்கைப் படிவம் வரை வந்து நிற்கிறது.

இதே 152ஆவது விதியில் சின்னஞ்சிறு சொல்லொன்று எத்தனை பெரிய கதவைச் சாத்த முடியும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் 1982இல் கூட்டரசு நீதிமன்றம், ஒரு மொழியைக் கற்பித்தல் வேறு, ஒரு மொழியில் கற்பித்தல் வேறு என்று பிரித்துப் பார்த்தது. தமிழில் சொன்னால் இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள இடைவெளி. 'ஐ'யும் 'இல்'லும். சீன மொழியில் பாடம் நடத்தத் திட்டமிடப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் அந்த இடைவெளியில் விழுந்து எழவே இல்லை. வேற்றுமை உருபுகளைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த வழக்கை வகுப்பில் ஒரு முறையேனும் சொல்லியிருக்க வேண்டும்.

இனி 'ஸ்டிரைக் டவுன்'. இங்கே விழுவது வழக்கன்று, சட்டம். நம் அரசமைப்பின் 4ஆவது விதி, அரசமைப்புக்கு முரணான சட்டம் எந்த அளவுக்கு முரண்படுகிறதோ அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அரசியல் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ மாணவர் காட்டக் கூடாது என்ற பல்கலைக்கழகச் சட்டப் பிரிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31 அன்று செல்லாது என்றது. நாடாளுமன்றம் மறு ஆண்டே அச்சட்டத்தைத் திருத்தியது.

தமிழர் எவருக்கும் மறக்காத எடுத்துக்காட்டு சல்லிக்கட்டு. 2014 மே 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்று வீழ்த்தியது. நம் பேச்சில் அது 'சல்லிக்கட்டு வழக்குத் தள்ளுபடி' என்றும் 'சல்லிக்கட்டு ரத்து' என்றும் உலவியது. வழக்கு தள்ளப்படவில்லை, வென்றது. தொடுத்தவர்கள் விலங்கு நல வாரியத்தார். வீழ்ந்தது சட்டம். சட்டம் வீழ்ந்தால் வழி நீதிமன்றத்தில் மட்டும் இல்லை, சட்டமன்றத்திலும் இருக்கிறது என்பதை 2017 சனவரியில் மெரினாவில் திரண்ட இளையோர் தெளிவாகவே அறிந்திருந்தனர். அவர்கள் கேட்டது புதிய சட்டம். அது வந்தது, 2023 மே 18 அன்று ஐவர் கொண்ட அமர்வு அதைச் செல்லும் என்றது. தலைப்பு எழுதியவர்களைவிடக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வினைச்சொல்லின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

'செட் அசைட்' இவை எல்லாவற்றிலும் வஞ்சகமானது. அன்றாட ஆங்கிலத்தில் இதற்கு 'ஒதுக்கி வை' என்று பொருள். பள்ளிக்கு நிலம் ஒதுக்குகிறார்கள், கட்டட நிதி ஒதுக்குகிறார்கள், நல்ல செய்தி. நீதிமன்றத்துக்குள் போனால் அதே சொல் 'இல்லாமற் செய்' என்றாகிறது. அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் 'தீர்ப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது' என்று எழுதுகிறார். படிப்பவரோ 'தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது' என்று எண்ணி, அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறார். வராத தேதிக்கு.

அதற்கு அஞ்சி 'ரத்து' என்று எழுதினாலும் தீர்வதில்லை. இந்திரா காந்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் இசைவின்றி அவருடைய மூன்று குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட மதமாற்றச் சான்றிதழ்களை ஈப்போ உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 சனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. 'இந்திரா காந்தி வழக்கு: ரத்து' என்று மூன்று நாளும் ஒரே தலைப்பைப் போட்டிருக்கலாம்! ஒரு நாள் தாய் வென்றார், ஒரு நாள் தோற்றார், ஒரு நாள் மீண்டும் வென்றார். எது ரத்து என்று சொல்லாத தலைப்பு, எதையும் சொல்லாத தலைப்பு.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், தமிழில் எதற்கு இந்த நுணுக்கம் என்பது முதலாவது. பெக்கான் நானாஸ் லோரி ஓட்டுநர் வழக்கறிஞரிடம் போகவில்லை, தமிழாசிரியனிடம்தான் வந்தார். தோட்டப்புறத்திலும் சிற்றூர்களிலும் கடிதம் முதலில் வந்து சேரும் இடம் நாம்தான். கோயில் தலைவரும் நாமும்.

இரண்டாவது, தூய தமிழ் அன்பர்களின் வாதம். 'ரத்து' அரபுச் சொல், அதை விலக்கினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். மலாயின் 'பாத்தால்' என்பதும் அரபு மூலம்தான்; அவர்கள் அதை வைத்துக்கொண்டு தெளிவாகத்தான் எழுதுகிறார்கள். சொல்லின் பிறப்பு எனக்குப் பொருட்டன்று. 'ரத்து' போய் அந்த இடத்தில் ஒரு செந்தமிழ்ச் சொல் வந்து அதே நான்கு வேலையைச் செய்தால், லோரி ஓட்டுநர் தூய தமிழில் ஏமாந்திருப்பார், அவ்வளவே.

மூன்றாவது வாதம்தான் என்னைச் சினங்கொள்ளச் செய்வது. ஆங்கிலத்தில் 'அவுட்', 'டவுன்', 'அசைட்' என்று வால் ஒட்டி வினையின் பொருளை மாற்றும் வசதி இருக்கிறது, தமிழில் அது இல்லை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இல்லையா? தள்ளு, தள்ளிவை, தள்ளிவிடு, தள்ளிப்போடு, தள்ளிக்கொடு, தள்ளிப்போ. பள்ளி வாசலில் நாசி லெமாக் விற்கும் அம்மாவுக்கு இந்த ஆறும் ஆறு பொருள் என்று தெரியும். எடுத்துவை என்றால் காத்து வைக்க வேண்டும். எடுத்துவிடு என்றால் போக்கிவிட வேண்டும். வையும் விடுவும் போடுவும் கொள்ளுவும் நம் மொழியில் செய்யும் வேலையைத்தான் அந்த ஆங்கில வால்கள் செய்கின்றன. நாம் இவற்றைத் 'துணைவினை' என்று பெயரிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புக என்று ஒரு பயிற்சி கொடுத்து, மதிப்பெண் போட்டு மூடிவிட்டோம்.

அன்று என்னிடம் வந்தவர் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். அவர் கேட்ட கேள்வியை மறுபடியும் பாருங்கள். தள்ளி வெச்சிருக்காங்களா, தள்ளிட்டாங்களா? துணைவினையை மாற்றி மாற்றி வைத்து, மிகச் சரியாக, வேறுபாட்டை முன்வைத்துக் கேட்டார். இலக்கணம் அவரிடம் இருந்தது. அதற்கு இரண்டுமல்லாத மூன்றாவது விடை ஒன்று கடிதத்தில் இருந்தது: 'அடிச்சிருக்காங்க, ஆனா மறுபடி போடலாம்.' நான்கே சொல். பட்டம் பெற்ற ஆசிரியன் அவருக்குத் 'தள்ளுபடி' என்ற பெயர்ச்சொல்லைக் கொடுத்து அனுப்பினான். வினையைப் பெயராக்கும்போதெல்லாம் வால் அறுந்துபோகிறது. தீபாவளித் துணிக்கடையிலும் தள்ளுபடி, கூட்டுறவுக் கடனிலும் தள்ளுபடி, நீதிமன்றத்திலும் தள்ளுபடி. முதலிரண்டுக்கும் மகிழ வேண்டும், மூன்றாவதற்கு அழ வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

புதுச்சொல் ஆக்கும் குழு ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குழு கூடும், தேநீர் அருந்தும், பட்டியல் அச்சாகும், எவரும் பயன்படுத்தமாட்டார்கள். நாளிதழ்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது மிக எளிது. விசாரித்து மறுத்தால் மட்டும் 'தள்ளுபடி' என்று எழுதுங்கள். கோடு இழுத்தால் 'வழக்கு பதிவிலிருந்து நீக்கம்' என்று எழுதி, மறுபடி தொடுக்கலாமா கூடாதா என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்தால் 'தீர்ப்பு விலக்கப்பட்டது' என்றோ வேறு எப்படியோ எழுதுங்கள்; எந்தத் தீர்ப்பு, எவருடையது என்பதை விட்டுவிடாதீர்கள். சட்டம் வீழ்ந்தால் 'சட்டம் செல்லாது'. தமிழ்நாட்டு நாளிதழ்களில் இந்தக் கடைசிச் சொல் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தால் 'அனுமதி மறுப்பு'. அதையும் பிடித்துத் தள்ளுபடியில் சேர்க்க வேண்டாம். தலைப்பில் இடம் போதாது என்பீர்கள். 'அதிரடி', 'பரபரப்பு' இரண்டையும் எடுத்துவிட்டால் இடம் வந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு தாய் வந்தார். தம்பி மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது பிணைக் கையொப்பம் இட்டவர். அவன் தவணை கட்டவில்லை. கடிதத்தில் 'பெங்ஹாக்கிமான் இங்கார்' என்றிருந்தது. எதிர்த்தரப்பு முன்னிலையாகாததால் வழங்கப்படும் தீர்ப்பு. "தீர்ப்பே வந்துருச்சுங்களா சார், இனிமே ஒன்னும் செய்ய முடியாதா?" என்றார். பழைய நானாக இருந்தால், ஆமாம் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஜொகூர் பாரு மாணவிக்குத் தொலைபேசி போட்டேன். கடிதம் கைக்கு வந்த நாள் எது, வழக்கு மனு எப்போதேனும் வீட்டுக்கு வந்ததா, எந்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். மனு வந்ததே இல்லை. முகவரி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு விட்டுப் போன தோட்ட வீடு. "அப்படியென்றால் செட் அசைட் செய்யக் கேட்டு மனுப் போடலாம் சார். ஆனால் நாள் கணக்கு உண்டு, அம்மாவை இன்றைக்கே அனுப்புங்கள்" என்றார்.

அந்த அம்மா அன்று மாலை நான்கு மணிப் பேருந்தில் ஜொகூர் பாருவுக்குப் போனார்.